வாடும் முன்னே வரைந்து வைத்தவர்கள்

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்முடி போய்விட்டுத் திருவனந்தபுரம் திரும்பும் பஸ். சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதும் நண்பர், தென்காசிப் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு வந்திருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகளின் கையில் ஒரு பூங்கொத்து. மலைப்பாதையில் பாறையிலிருந்து நீர் கசியும் இடத்தில், இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த காட்டுக் காசித்தும்பை. யாரும் பார்க்காத நேரத்தில் பறித்து வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

கல்லாறு இறங்கும்போதே இதழ்கள் தொங்க ஆரம்பித்தன. விதுரை தாண்டியபோது தண்டு வளைந்துவிட்டது. நெடுமங்காட்டில் பஸ் நின்றபோது பெண் கையை விரித்துக் காட்டினாள்.

"மாமா, மலையில எப்படி இருந்துச்சு! இப்பம் பாத்தா அழுக்குத் துணி மாதிரில்லா இருக்கு?"

"போட்டோ எடுத்திருக்கேன்லா, அதுல பாத்துக்கோ" என்று தகப்பனார் செல்போனை நீட்டினார். படத்தில் பச்சைக்கு நடுவே நாலைந்து சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அது காசித்தும்பையா, காகிதப்பூவா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணுக்கு வந்த அதே சங்கடம், நூறு வருஷத்துக்கு முன்னால் உலகத்திலேயே பெரிய தாவரவியல் அறிஞர்களில் ஒருவருக்கும் வந்தது என்றால் நம்புவீர்களா?

லண்டன் நகரை ஒட்டி க்யூ என்று ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. அதன் தலைவராக இருபது ஆண்டுகள் இருந்தவர் ஜோசப் ஹூக்கர். இந்தியச் செடிகொடிகளைப் பற்றிப் பல பாகங்களாகப் பெருநூல் கொண்டு வந்தவர். 1911-ம் ஆண்டு, 94-வது வயதில் அவர் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் விடாப்பிடியாக ஆராய்ந்தது இந்தக் காசித்தும்பை இனத்தைத்தான். உலகின் பல மூலைகளிலிருந்தும் காய வைத்து அழுத்திய செடிகள் அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் காசித்தும்பையின் பூ மகா மெல்லியது. அழுத்தினால் இதழோடு இதழ் ஒட்டி, மெல்லிய காகிதம் போல் ஆகிவிடும். நிறமும் போய்விடும், உருவமும் போய்விடும். தண்ணீரில் ஊற வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதைப் போல் ஏமாற்றுகிற செடி வேறில்லை என்று அவரே அலுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் இந்தப் பூ இருந்தபடியே உலகத்துக்குத் தெரிய ஒரு வழிதான். அது இருக்கிற இடத்துக்கே ஒருவர் போக வேண்டும். வாடுமுன் உட்கார்ந்து வரைய வேண்டும்.

அப்படி உலகம் முழுவதும் போய் வரைந்த ஒரு பெண்மணியின் கதை இது. ஹூக்கருக்கு நன்றாகத் தெரிந்தவர். நம் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் வந்து போனவர்.

நாற்பதில் தொடங்கிய பயணம்

மரியான் நார்த் அம்மையார் 1830-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். தகப்பனார் பிரெடெரிக் நார்த், பார்லிமெண்ட் உறுப்பினர். வசதியான குடும்பம். 1855-ல் தாயார் இறந்தார். தகப்பனாரை விட்டுப் பிரியக் கூடாது என்று சாகும் தறுவாயில் மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். மகள் அந்த வாக்கைக் காப்பாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தகப்பனார் போன இடமெல்லாம் கூடவே போனார்.

1867-ல் ஆஸ்திரேலிய ஓவியர் ஒருவர் அவருக்கு எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார். அதோடு நீர் வண்ணத்துக்கு முழுக்குப் போட்டார். எண்ணெய் வண்ணம் பிடித்துக்கொண்டால் விடாது, குடிப்பழக்கம் மாதிரி என்று பின்னால் எழுதினார்.

1869-ல் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். 39 வயது. வீட்டில் யாரும் இல்லை. நம் ஊரில் என்ன சொல்வார்கள்? கோயில் குளம் என்று இருந்துவிடம்மா என்பார்கள். அந்த ஊரிலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அம்மையார் 1871-ல் வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார். அமெரிக்கா, கானடா, ஜமைக்கா. அடுத்த ஆண்டு பிரேசில். பிறகு ஜப்பான், போர்னியோத் தீவின் சரவாக், ஜாவா, இலங்கை. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென்னாப்பிரிக்கா, செஷல்ஸ் தீவுகள், கடைசியாகச் சிலி. பதினான்கு வருஷம். நடுவில் ஊர் திரும்பினாலும் அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டத்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கையில் காசு இல்லாமல், ஊர் தெரியாமல், ரயிலடியில் படுத்து எழுந்து வேலை தேடியவர்கள் நம்மில் பலர் உண்டு. அம்மையாரின் பயணம் அந்த ரகம் அல்ல. தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்து இருந்தது. பெரிய மனிதர்களின் சிபாரிசுக் கடிதங்கள் பெட்டி நிறைய இருந்தன. கவர்னர் மாளிகையும் கலெக்டர் பங்களாவும் வாசல் திறந்து காத்திருந்தன. வெள்ளைக்காரர் ஆட்சி விரித்த பாதையில்தான் அவர் நடந்தார்.

ஆனால் மாளிகையில் விருந்துண்டு உட்கார்ந்திருக்க அவர் வரவில்லை என்பதும் உண்மை. விருந்து வைபவம் என்றாலே அவருக்குச் சலிப்பு. பொழுது விடிந்ததும் காட்டுப் பக்கம் போய்விடுவார். சேறு, அட்டை, மழை எதையும் பொருட்படுத்தாமல் செடி நிற்கிற இடத்திலேயே காகிதப் பலகையை வைத்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். பூவை மட்டும் தனியே வெள்ளைக் காகிதத்தில் வரைவது அந்தக் கால வழக்கம். இவரோ பூவுக்குப் பின்னால் இருக்கும் மலை, ஆறு, அதில் உட்காரும் பூச்சி, பறவை எல்லாவற்றையும் சேர்த்தே தீட்டினார். செடி எந்த மண்ணில் வாழ்கிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பஞ்சத்தில் வந்த விருந்தாளி

1876-ம் ஆண்டுக் கடைசியில் இலங்கைக்கு வந்தார். அங்கே களுத்துறையில் ஜூலியா மார்கரெட் காமெரான் என்ற புகழ்பெற்ற புகைப்படக்கார அம்மாள் குடியிருந்தார். வந்த விருந்தாளியைச் சும்மா விடவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டு, சால்வையைப் போர்த்தி, தலையில் குத்துகிற தென்னங்கீற்றுகளுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். நண்பகல் வெயில் வேறு. பூவை நிற்க வைத்துப் படம் எழுதுகிறவருக்குத் தாமே நிற்க வேண்டி வந்தபோதுதான் கஷ்டம் தெரிந்திருக்கும்!

ஊர் திரும்பிய அம்மையார் 1877 பிற்பகுதியில் மறுபடி புறப்பட்டார். இம்முறை இந்தியா. தூத்துக்குடி வழியாகத் தமிழ்நாட்டில் இறங்கினார்.

எந்த நேரத்தில் வந்தார் என்பதைக் கவனியுங்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் லட்சக் கணக்கானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் நடந்தார்கள். மலையேறி இந்தத் திருவிதாங்கூர்ப் பக்கம் வந்தவர்களும் உண்டு. இன்று இங்கே இருக்கும் சில குடும்பங்கள் தங்கள் முன்னோர் வந்த கதையை அந்தப் பஞ்சத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதே நாட்களில் ஒரு சீமைப் பெண்மணி அதே மண்ணில் பூ வரைந்துகொண்டிருந்தார். இதைப் படித்தபோது எனக்கு மனம் கொஞ்சம் நெருடியது. பூவின் படத்தில் பஞ்சம் தெரியாது.

(பஞ்சத்துக்குப் பதில் சொன்ன செடி ஒன்றும் இந்த ஊர்க் கதையில் உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா செடிகொடிகளில் மிகுந்த நாட்டம் உள்ளவர். அரிசி இல்லாத காலத்தில் கைகொடுக்கும் என்று மரச்சீனிக் கிழங்கைப் பரப்பியவர் அவர். தென்னமெரிக்காவில் பிறந்த செடி, இன்று கேரளத்துக்காரர் கப்பை என்று மீன்குழம்போடு சாப்பிடுவது.)

அம்மையார் மதுரையைப் பார்த்தார். தஞ்சாவூரில் ஆர்தர் பர்னெல் என்ற ஜில்லா நீதிபதியைச் சந்தித்தார். கோர்ட்டுப் புத்தகத்தோடு நிற்கிறவர் அல்ல பர்னெல். தஞ்சை அரண்மனையின் சம்ஸ்கிருத ஏடுகளுக்குப் பட்டியல் போட்டவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874-லேயே புத்தகமாக எழுதியவர். வில்வம், துளசி, தாமரை என்று நம் கோயில் வழிபாட்டில் சேர்ந்த செடிகளை அம்மையார் வரைவது, அவற்றின் சாஸ்திரச் செய்திகளைப் பர்னெல் எழுதுவது என்று இருவருக்கும் ஒரு யோசனை பிறந்தது. 1882-ல் பர்னெல் காலமானார். புத்தகம் வரவில்லை. வந்திருந்தால் நம் வீட்டு அலமாரிகளில் இன்றும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிறகு மேற்குக் கரை, பம்பாய், ராஜபுதனம், இமயமலை என்று 1879 வரை சுற்றினார். டார்ஜிலிங்கில் கஞ்சன்ஜங்கா சிகரத்தைத் தீட்டினார். இந்தியாவில் மட்டும் வரைந்த படங்கள் இருநூறுக்குமேல்.

அதே எண்ணெய், இந்த ஊரில்

அம்மையார் எண்ணெய் வண்ணப் பெட்டியோடு தெற்கே இறங்கியபோது, அந்த வண்ணம் இந்தத் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. கிளிமானூரில் 1848-ல் பிறந்த ரவிவர்மா அதற்குள் பெயர் எடுத்துவிட்டார்.

அவர் கற்றுக்கொண்ட கதையில் ஒரு தமிழர் வருகிறார். அரண்மனை ஓவியராக இருந்த ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டாராம். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளைதான் முதலாளிக்குத் தெரியாமல் ராத்திரி ராத்திரியாக வந்து இளைஞருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்றுத்தர இசையவில்லை. எட்ட நின்று பார்த்துக்கொள் என்று அனுமதி மட்டும் கொடுத்தாராம். ரவிவர்மாவின் புகழ் பெரியது. ஆறுமுகம் பிள்ளை வரைந்த படம் எது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

ரவிவர்மாவுக்கு மங்களாபாய் தம்புராட்டி என்று ஒரு தங்கை. அவரும் எண்ணெய் வண்ணத்தில் கைதேர்ந்தவர். அண்ணனின் உருவத்தை அவர் தீட்டிய படம் நம் மியூசியம் வளாகத்தில் 1935-ல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தின் சொத்து. அண்ணன் பம்பாய், பரோடா, மைசூர் என்று நாடெங்கும் அரண்மனைகளில் தங்கிப் படம் எழுதினார். தங்கை அப்படி ஊர் ஊராகப் போய் எழுதியதாகக் கேள்விப்படவில்லை. கை ஒன்றுபோல் இருந்தும் வாசற்படி ஒன்றுபோல் இல்லை. சீமையில் பிறந்த நார்த் அம்மையாரும் தகப்பனார் இருந்தவரை தனியே வாசற்படி தாண்டாதவர்தானே.

படத்தில் ஒளிந்திருந்த செடி

சரி, இவ்வளவு அலைந்து வரைந்ததால் யாருக்கு என்ன பயன்?

1876-ல் சரவாக்கில் அம்மையார் தங்கியிருந்தபோது சுண்ணாம்புப் பாறை மலையிலிருந்து ஒரு குடுவைச் செடியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி. ஓர் அடி நீளத்துக்குக் குறையாமல், ரத்தச் சிவப்புப் புள்ளிகள் போட்ட குடுவை. அம்மையார் அதை அப்படியே தீட்டினார். அந்தப் படத்தை இங்கிலாந்தில் வீட்ச் என்ற பெரிய நாற்றங்கால் முதலாளி பார்த்தார். இப்படி ஒரு குடுவை விற்பனையில் இல்லையே என்று, தேடி எடுத்துவர ஓர் ஆளையே கப்பலேற்றி அனுப்பினார். செடி கிடைத்தது. புது இனம் என்று தெரிந்தது. 1881-ல் ஹூக்கர் அதற்கு அம்மையார் பெயரையே வைத்தார்: நெபந்தஸ் நார்த்தியானா. செடி வந்து படம் வரைவதுதான் முறை. இங்கே படம் முதலில் வந்து செடி பின்னால் வந்தது!

இதைவிட ஆச்சரியம் ஒன்று நம் காலத்தில் நடந்தது. அதே சரவாக்கில் மாதாங் என்ற காட்டில் வரைந்த இன்னொரு படத்தில் நீல நிறப் பழங்களோடு ஒரு செடி இருந்தது. க்யூ தோட்டத்தின் சுவரில் நூறு வருஷத்துக்குமேல் தொங்கியது. ஆயிரக் கணக்கானோர் பார்த்துவிட்டுப் போனார்கள். அது என்ன செடி என்று யாருக்கும் விளங்கவில்லை. ஏதோ கற்பனையில் வண்ணம் போட்டுவிட்டார் என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம். க்யூவில் ஓவியராக இருந்த தியான்யி யூ என்பவர் அதை விடவில்லை. அங்கே காய வைத்துப் பாதுகாக்கப்படும் செடிகளைப் புரட்டினார். 1973-ல் அதே பகுதியில் சேகரித்த ஒரு செடி அகப்பட்டது. பெயர் சூட்டாமல் கிடந்தது. இரண்டும் ஒன்று. 2021-ல் அதற்குச் சஸ்ஸாலியா நார்த்தியானா என்று பெயர் கிடைத்தது. காய்ந்த செடியில் பழத்தின் நீலம் எப்போதோ போய்விட்டது. அம்மையாரின் படத்தில் மட்டும் அது 145 வருஷம் அப்படியே இருந்தது.

தேநீர் கிடைக்காத மண்டபம்

1879-ல் அம்மையார் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். என் படங்களையெல்லாம் க்யூ தோட்டத்துக்குக் கொடுக்கிறேன், மண்டபமும் என் செலவிலேயே கட்டித் தருகிறேன் என்று. ஹூக்கர் சம்மதித்தார். இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் வரைபடம் போட்டுக் கொடுத்தார்.

சார்லஸ் டார்வினைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியச் செடிகள் மற்ற நாட்டுச் செடிகளைப் போல் இருக்காது, அவற்றையும் பார்க்காமல் சேகரிப்பு முழுமையாகாது என்று அவர் சொன்னதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு 1880-ல் அங்கேயும் போய் வரைந்து வந்தார்.

1882-ம் ஆண்டு ஜூன் மாதம் மண்டபம் திறந்தது. இன்றும் இருக்கிறது. உள்ளே எண்ணூறுக்கும் அதிகமான படங்கள், தபால்தலை ஆல்பத்தில் ஒட்டினாற்போல் நெருக்கி, நாடு நாடாக வரிசைப்படுத்தி மாட்டியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே 246 வகை மரப் பலகைகள் சுவரோரம் பதித்திருக்கின்றன. ஒரு சுவருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பெருங்கடல் தாண்டிவிடலாம்.

அம்மையாருக்கு ஓர் ஆசை இருந்தது. நடந்து களைத்து வருகிற ஜனங்களுக்கு மண்டபத்தில் தேநீர், காப்பி கொடுக்க வேண்டும். ஹூக்கர் ஒப்பவில்லை. அம்மையார் வாதாடவில்லை. கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் அழகாக வரைந்து வைத்துவிட்டார். குடிக்கத்தான் கூடாது, பார்க்கலாமே! அதிகாரியோடு மல்லுக்கு நிற்கிற ஆபீஸ் குமாஸ்தாக்கள் இந்த வித்தையைக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசிப் பயணங்களில் உடம்பு தளர்ந்தது. காது மந்தமானது. 1890-ல் இங்கிலாந்தில் ஆல்டர்லி என்ற கிராமத்தில் காலமானார். அவர் எழுதி வைத்த பயண நினைவுகளைத் தங்கை பதிப்பித்து 1892-ல் வெளியிட்டார்.

நம் பக்கத்துக் கைகள்

தாவரவியல்காரர்கள் சிலர் அம்மையாரின் படங்களை முழு மதிப்போடு ஏற்பதில்லை. அதிலும் நியாயம் உண்டு. சாஸ்திர முறைப்படி செடி வரைவது தனி வேலை. இயற்கை அளவிலேயே வரைய வேண்டும். பூவை நெடுக்கே வெட்டி உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் எப்படி, விதை எவ்வளவு பெரிது என்று தனித்தனியே போட வேண்டும். அம்மையார் பூவை வெட்டியவர் அல்ல, பார்த்தவர்.

வெட்டி வரைந்த வேலையை நம் பக்கத்தில் செய்தவர்கள் யார்? ராபர்ட் வைட் என்ற டாக்டர் கம்பெனிக் காலத்தில் பாளையங்கோட்டையில் பட்டாளத்து மருத்துவராக இருந்தார். குற்றாலத்து மலையில் செடி தேடினார். பின்னால் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணை வேலையாக இருந்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட நூலில் 2,101 படங்கள். அவருக்காக வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் முக்கியமானவர்கள். வைட் நன்றி மறவாதவர். ஓர் ஆர்க்கிட் செடி இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே தெரிந்த வேறோர் இனத்தைச் சேர்ந்தது என்று பின்னால் முடிவாயிற்று. பெயர் அடிபட்டுப் போயிற்று. க்யூவில் நார்த் அம்மையாருக்கு மண்டபம் இருக்கிறது. கோவிந்துவுக்கு இருந்த ஒரே ஒரு பெயர்ப்பலகையும் கழன்றுவிட்டது.

பெண்களும் இருந்தார்கள். சென்னை பிரசிடென்ஸி கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன், நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று பாகங்களில் நூல் எழுதினார். அதிலுள்ள சித்திரங்களில் பலவற்றை வரைந்தவர்கள் பைசனின் மனைவியும், லேடி போர்ன் என்ற எமிலி அம்மையாரும். கோடைக்கானலில் கணவரோடு நடந்து நடந்து செடி சேகரித்தவர் இவர். கொடைக்கானலிலும் மூணாறிலும் பூக்கிற குறிஞ்சியை நினைத்துப் பாருங்கள். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. வரைகிறவர் அந்த வருஷம் படுத்த படுக்கையாகிவிட்டால் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பது என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். நம் கனகக்குன்றில் நிஷாகந்தி அரங்கம் இருக்கிறதல்லவா? அந்த நிஷாகந்திப் பூ ஒரு கள்ளிவகை. ராத்திரி விரியும், விடியுமுன் வாடும். அதற்கு அமேஸான் காட்டில் ஓர் உறவுக்காரி உண்டு. வெள்ளத்தில் நிற்கும் மரங்களின் மேல் ஒட்டிப் படரும். ஒரே ஓர் இரவு பூக்கும். மார்கரெட் மீ என்ற ஆங்கில ஓவியர், 1909-ல் பிறந்தவர், பிரேசிலில் குடியேறி, அமேஸானுக்குப் பதினைந்து முறை போனார். பூத்த நிலையில் அந்தக் கள்ளியை வரைய வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்துத் தவம். 1988 மே மாதம், 79-வது வயதை நெருங்கிய நேரத்தில், ரியோ நீக்ரோ ஆற்றில் படகின் கூரைமேல் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் மொட்டு விரிவதைப் பார்த்துப் பார்த்து இரவு முழுவதும் வரைந்தார். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் கார் விபத்தில் இறந்துபோனார். காடு அழிவதைப் பார்த்துக் கோபப்பட்டு ஊர் ஊராகப் பேசிக்கொண்டும் இருந்தவர். அவர் முதலில் போய் வரைந்த சில இடங்களில் பிறகு மரமே இல்லை.

பென்சில் போதும்

பாலோட்டில் 1979-ல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அகஸ்தியமலை, பொன்முடி வட்டாரத்துச் செடிகளைப் பற்றி அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுக் காசித்தும்பையில் மட்டும் எத்தனையோ வகை. சில வகை ஒரே ஒரு மலையில் மட்டும் இருக்கும், பக்கத்து மலையில் இராது. அந்தப் பாறையில் தண்ணீர் கசிவது நின்றால் செடியும் நின்றுபோகும்.

இப்போது கையிலேயே காமிரா இருக்கிறதே, படம் எதற்கு என்று கேட்கலாம். காமிரா அந்த நொடியில் எதிரே தெரிவதைத்தான் எடுக்கும். மொட்டு, மலர், காய் மூன்றையும் ஒரே காம்பில் காட்டாது. இலைக்குப் பின்னால் மறைந்த வாலைக் காட்டாது. காசித்தும்பைப் பூவுக்குப் பின்னால் தேன் வைத்திருக்கும் ஒரு வால் உண்டு. அதன் நீளத்தையும் வளைவையும் பார்த்தே வகையைப் பிரிக்கிறார்கள். வரைகிறவர் சுற்றி வந்து, குனிந்து, கீழிருந்தும் பார்த்து, எது முக்கியமோ அதைப் போடுகிறார்.

இதையெல்லாம் நான் நண்பரிடம் பஸ்ஸிலேயே சொல்லி முடிக்கவில்லை. கரமனையில் அவர் வீட்டுக்கு அடுத்த வாரம் காப்பிக்குப் போனபோதுதான் மீதியைச் சொன்னேன். பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வீட்டு வாசலில் தொட்டியில் வளர்த்த சாதாரணக் காசித்தும்பை. பறிக்காமல், படியில் உட்கார்ந்து வரைந்திருந்தாள். இலை சரியில்லை, தண்டு கொஞ்சம் கோணல். ஆனால் பூவுக்குப் பின்னால் அந்த வால் இருந்தது. பக்கத்தில் தேதி போட்டிருந்தாள். "காலை ஏழு மணி, மழை இல்லை" என்று குறிப்பும் இருந்தது.

"அண்ணாச்சி, இவ எண்ணெய் வண்ணம் வேணும்கா. என்ன விலை இருக்கும்?" என்றார் நண்பர்.

"முதல்ல நல்ல பென்சில் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஒரு பூதக்கண்ணாடியும்" என்றேன்.

"சாலையிலயே கிடைக்கும்" என்றாள் பெண். "மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை பொன்முடிக்கு பஸ் எத்தனை மணிக்கு?"